தராசு காட்டியது 18.40, கணினி எழுதியது 8.40

இவ்வாண்டு இதழுக்குக் கணினி தொடர்பான கட்டுரை ஒன்று வேண்டும் என்று இதழாசிரியர் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது விரிவுரைகளில் ஆங்கிலம். 'தசமம்' என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்ப்பள்ளி வகுப்பறை நினைவுக்கு வரும். 'பேரிட்டி' என்றால் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒரே தாளில் இதற்கு முன் எழுதியதில்லை. நல்ல தமிழ்ச்சொல் தெரிந்த இடத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். தெரியாத இடத்தில், நண்பர்களுக்குள் நாம் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே எழுதியிருக்கிறேன். மூத்த மாணவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது சிறிய பொருள்தான். ஒரு கருவி சீரியல் போர்ட் (தொடர்நிலைத் துறை) வழியாக எழுத்துகளாக அனுப்பும் தகவலை நம் நிரல் எப்படிப் படிக்க வேண்டும் என்பதே அது. தராசு, ஜிபிஎஸ் கருவி, பார்கோடு படிப்பான், ஆய்வுக்கூட வெப்பமானி என்று எத்தனையோ கருவிகள் இன்றும் இப்படித்தான் பேசுகின்றன. பாடநூலில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. "துறையைத் திற, ஒரு வரி படி, எண்ணாக மாற்று" என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அந்த மூன்று வரியைத்தான் எழுதினேன். அதனால் ஒரு மூதாட்டிக்குச் சேர வேண்டிய மூன்று வெள்ளியை என் கையாலேயே குறைத்துக் கொடுத்தேன்.

கடையும் தராசும்

கிள்ளானிலிருந்து காப்பார் செல்லும் சாலையோரம் என் மாமா பழைய பொருள் வாங்கும் கடை வைத்திருக்கிறார். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு நம் வீட்டு வாசலில் ஊர்ந்து செல்லும் லாரிகளை அறியாதவர் இல்லை. அந்த லாரிகள் சேர்த்ததும், சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் தனியாள்கள் சேர்த்ததும் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான் வந்து சேரும். பழைய நாளிதழ், அட்டைப்பெட்டி, அலுமினிய டின், இரும்பு எல்லாமே எடைக் கணக்குதான்.

மாமாவிடம் இருப்பது 150 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு. 50 கிராம் படியாகக் காட்டும். மூட்டையை ஏற்றியதும் சிவப்பு எண்களைப் பார்ப்பார், 555 புத்தகத்தில் எழுதுவார், விலையால் பெருக்குவார், காசு கொடுப்பார். இருபது ஆண்டாக இதுதான் வழக்கம்.

2024ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறையில் அங்கே உதவிக்குப் போயிருந்தேன். தராசின் பின்புறம் தூசி படிந்த ஒன்பது ஊசித் துறை ஒன்று இருந்ததைக் கண்டேன்.

"நீ இதைத்தானே படிக்கிற? இந்த நம்பரை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோக முடியாதாம்மா?" என்று மாமா கேட்டார்.

இரண்டு மாலை போதும் என்றேன். இரண்டு மாலையில் முடித்தும் விட்டேன். அதைச் சரிசெய்யத்தான் விடுமுறையின் மீதி நாள்கள் தேவைப்பட்டன.

கம்பியில் வருவது என்ன?

அந்த ஒன்பது ஊசித் துறையின் மின்விதி ஆர்எஸ்-232 எனப்படும். அமெரிக்காவில் 1960இல் முதன்முதலாக வெளியான தரநிலை அது. கம்பியில் −3 முதல் −15 வோல்ட் இருந்தால் 1, +3 முதல் +15 வோல்ட் இருந்தால் 0. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கம்பியில் வரிசையாக வரும். 'தொடர்நிலை' என்ற பெயர் அதனால்தான். இப்போதைய மடிக்கணினிகளில் இந்தத் துறை இருப்பதில்லை. நான் யுஎஸ்பி மாற்றிக் கம்பி ஒன்றை வாங்கிச் செருகினேன். கணினி அதற்குக் 'காம்3' என்று பெயர் வைத்துக்கொண்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தராசு 'எண்' எதையும் அனுப்புவதில்லை. எழுத்துகளை அனுப்புகிறது. பதினெட்டு கிலோ நானூறு கிராம் எடைக்கு என் தராசு அனுப்பும் வரி இது (உரோமன் எழுத்துகளின் பெயரைத் தமிழில் தருகிறேன்):

எஸ் டி , + 0 0 0 1 8 . 4 0 (இடைவெளி) கே ஜி (13) (10)

முதல் இரண்டு எழுத்து தலைப்பு. 'எஸ்டி' என்றால் எடை நிலைகொண்டுவிட்டது. 'யுஎஸ்' என்றால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அளவு மீறினால் வேறொரு தலைப்பு. பிறகு காற்புள்ளி. பிறகு கூட்டல் அல்லது கழித்தல் குறி. பிறகு புள்ளியோடு சேர்த்து எட்டு இடங்களில் எடை. பிறகு மூன்று இடங்களில் அலகு. இறுதியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்து, ஆஸ்கி எண் 13, ஆஸ்கி எண் 10. பழைய டெலிடைப் பொறியில் 13 வந்தால் அச்சுத் தலை இடப்பக்க ஓரத்துக்குத் திரும்பும்; 10 வந்தால் தாள் ஒரு வரி மேலேறும். டெலிடைப் பொறிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் கிள்ளானில் அட்டைப்பெட்டி நிறுக்கும் தராசில் உயிரோடு இருக்கின்றன!

ஆக மொத்தம் 17 எழுத்துகள். எப்போதும் 17தான், ஒன்று கூடாது, குறையாது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கல் ஏமாற்றிய முதல் முறை

சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது நாம் நான்கு விவரம் சொல்ல வேண்டும்: வேகம், ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், பேரிட்டி என்ன, நிறுத்தப் பிட் எத்தனை. எந்த எடுத்துக்காட்டைப் பார்த்தாலும் 9600, 8, பேரிட்டி இல்லை, 1 என்றுதான் இருக்கும். வேகம் 2400 என்பது தராசின் அடியில் ஒட்டியிருந்த தாளில் இருந்ததால் அதை மட்டும் மாற்றினேன். மற்ற மூன்றையும் அப்படியே விட்டேன்.

நிரலை ஓட்டியதும் பைத்தான் மொழி பிழை காட்டி நின்றது: இந்த பைட்டை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்றது. இணையத்தில் தேடினால் "மாற்ற முடியாததைப் புறக்கணி" என்ற ஒரு விருப்பம் இருப்பதாகத் தெரிந்தது. அதைச் சேர்த்தேன். மாமாவிடமிருந்த 5 கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்தேன். திரையில் 5.00 என்று வந்தது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து 2 கிலோ படிக்கல்லை வைத்தேன். திரையில் 0.00 என்று வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரவு ஆயிற்று. ஆனால் அந்த இரவில் கற்றது நான்கு பருவத்தில் கற்றதைவிடத் தெளிவாக மனத்தில் பதிந்தது. தராசு அனுப்புவது ஓர் எழுத்துக்கு 7 பிட். எட்டாவது இடத்தில் இரட்டைப் பேரிட்டி. அதாவது ஏழு பிட்டுகளில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் எட்டாவது பிட் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0. நானோ எட்டும் எழுத்தே, பேரிட்டி இல்லை என்று சொல்லியிருந்தேன். இரண்டு முறையிலும் தொடக்கப் பிட், நிறுத்தப் பிட் சேர்த்து மொத்தம் 10 பிட்டுகளே என்பதால் தாளம் தப்பவில்லை. எட்டாவது பிட்டின் பொருள் மட்டும் மாறிவிட்டது.

ஆஸ்கியில் '5' என்ற எழுத்து 0110101. நான்கு 1கள், இரட்டைப்படை. எட்டாவது பிட் 0. ஆகவே எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேரும். '2' என்ற எழுத்து 0110010. மூன்று 1கள். எட்டாவது பிட் 1 ஆகிவிடும். எழுத்து ஆஸ்கியின் 128க்கு வெளியே போய்விடும். நான் எழுதிய "புறக்கணி" அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 0, 3, 5, 6, 9 ஆகிய எண்களும், புள்ளியும், கூட்டல் குறியும் தப்பிக்கின்றன. 1, 2, 4, 7, 8 ஆகியவை மறைகின்றன. மாமாவின் படிக்கல் 5 கிலோவாக இருந்தது என் கெட்ட நேரம். 4 கிலோவாக இருந்திருந்தால் அன்று மாலையே உண்மை தெரிந்திருக்கும்.

பேரிட்டியை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். '1' 0110001, '9' 0111001. ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. கம்பியில் ஓர் இரைச்சல் அந்தப் பிட்டைப் புரட்டிவிட்டால் 10 கிலோ 90 கிலோ ஆகிவிடும். ஒரு பிட் புரண்டால் அதைக் காட்டிக்கொடுப்பதற்காகத்தான் அந்த எட்டாவது இடம். அதை நான் எழுத்தின் பகுதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

(தொடர்புடைய இன்னொன்று. இப்படி 7 பிட் மட்டும் செல்லும் கம்பியில் தமிழை யூனிகோடு யுடிஎஃப்-8 வடிவில் நேரடியாக அனுப்பவே முடியாது. நம் 'அ' அதில் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். மூன்றுக்கும் எட்டாவது பிட் தேவை. ஆஸ்கி முதன்முதல் வெளிவந்த 1963இல் யாரும் நம்மை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

அமைப்பைத் திருத்தினேன். 7 பிட், இரட்டைப் பேரிட்டி. ஐந்தும் இரண்டும் சரியாக வந்தன. "புறக்கணி" என்ற விருப்பத்தை எடுத்துவிட வேண்டும் என்று குறித்து வைத்தேன். எடுக்கவில்லை.

இரண்டாம் முறை

என் நிரல் வேலைசெய்த விதம் இதுதான். மூட்டையை ஏற்றி மாமா கைகாட்டியதும் நான் ஒரு விசையை அழுத்துவேன். தராசு நொடிக்குப் பத்து வரி வீதம் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவை கணினியின் இடைத்தேக்கத்தில் (பஃபர்) வந்து குவிந்திருக்கும். அதில் மேலே கிடப்பது போன மூட்டையின் எடை. ஆகவே விசையை அழுத்தியதும் முதலில் இடைத்தேக்கத்தைக் காலி செய்வேன். பிறகு ஒரு வரி படிப்பேன். அந்த வரியில் முதலில் தென்படும் எண்ணை எடுத்துக்கொள்வேன்.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? பிழை, காலி செய்வதற்கும் வரி படிப்பதற்கும் நடுவில் இருக்கிறது.

2400 வேகத்தில் நொடிக்கு 240 எழுத்துகள் வரும். 17 எழுத்து கொண்ட ஒரு வரி வந்து முடிய 71 மில்லிநொடி ஆகும். பத்து வரி என்றால் ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 71 மில்லிநொடி ஏதோ ஒரு வரி பாதி வந்த நிலையில் இருக்கிறது. நான் காலி செய்யும் அந்தக் கணத்தில் வரியின் முன்பாதி ஏற்கனவே வந்திருந்தால் அது குப்பைக்குப் போய்விடும். பின்பாதி இனிமேல்தான் வரும். "வரி படி" என்ற கட்டளைக்கு வரி எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாது; 10 என்ற எழுத்தைக் கண்டதும் நின்றுகொள்ளும், அவ்வளவுதான். ஆகவே அது எனக்குக் கொடுப்பது வரியின் வால். ஆனால் வாலும் 13, 10 என்று முறையாகத்தான் முடிகிறது. தலை போனது வெளியில் தெரிவதில்லை.

18.40ஐ எடுத்துக்கொள்வோம். வெட்டு முன்பக்கத்துச் சுழியங்களில் விழுந்தால் சேதமில்லை, 018.40ம் 18.40தான். வெட்டு '1'க்கும் '8'க்கும் நடுவில் விழுந்தால் 8.40. '8'க்கும் புள்ளிக்கும் நடுவில் விழுந்தால் மீதி .40, என் நிரல் அதில் தென்பட்ட எண்ணை எடுத்து 40 கிலோ என்று எழுதும். அதற்கும் பிறகு விழுந்தால் 40 அல்லது 0. இன்னும் தள்ளிப் போனால் அலகு மட்டும் வரும், எண்ணே இல்லை, நிரல் அடுத்த வரியைப் படிக்கும்.

இதைச் சோதனையில் ஏன் பார்க்கவில்லை? பார்த்தேன் என்பதுதான் வெட்கம். 5.00 வைத்துச் சோதித்தபோது எப்போதாவது 0 வந்தது. 2.00 வைத்தபோதும் அவ்வாறே. ஒற்றை இலக்க எடையில் புள்ளிக்கு முன் இழக்க இன்னோர் இலக்கம் இல்லை. புள்ளிக்குப் பின் இருப்பதெல்லாம் சுழியம். ஆகவே எந்த இடத்தில் வெட்டினாலும் சரியான விடை அல்லது 0, இரண்டில் ஒன்றுதான் வரும். "0 வந்தால் மறுபடி படி" என்று ஒரு வரி சேர்த்தேன். 0 வருவது நின்றது. பிழை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரிதான் பிழையை மூடி மறைத்த போர்வை.

அந்தச் சனிக்கிழமை

முதல் நாள் நான் கணினிமுன் உட்கார்ந்து சீட்டு அச்சடித்துக் காசு கொடுத்தேன். மாமா வழக்கம்போல் தராசடியில் நின்று 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "இனிமேல் புத்தகம் எதற்கு மாமா?" என்று கேட்டேன். "கை பழகிப்போச்சும்மா," என்றார்.

காலையில் ஓர் ஆயா அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். வாரத்துக்கு இரண்டு முறை வருபவர், எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கட்டிக்கொண்டு வருவார். அன்று அட்டைக்குக் கிலோவுக்கு 30 காசு. சீட்டில் 8.40 கிலோ, 2 வெள்ளி 52 காசு என்று வந்தது. 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்தில் ஐந்து காசுக்குச் சரிசெய்வதுதானே முறை, 2 வெள்ளி 50 காசு கொடுத்தேன். ஆயா காசைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கொறைச்சலா இருக்கே பாப்பா?"

"கம்ப்யூட்டர்ல வர்றதுதான் ஆயா. தராசுல இருந்தே நேரா வருது," என்றேன்.

"அப்படின்னா சரியாத்தான் இருக்கும்," என்று முடிச்சில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் கடையைச் சாத்தும்போது மாமா புத்தகத்தை என் மேசையில் வைத்து, "ஏம்மா, ஆயா மூட்டை பதினெட்டு நாப்பது. நீ எட்டு நாப்பதுன்னு போட்டிருக்கியே," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வரிவரியாக ஒப்பிட்டோம். 41 வரிகளில் 6 வரிகள் பொருந்தவில்லை. ஏறத்தாழ ஏழில் ஒன்று. மேலே சொன்ன வெட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டியதும் அதே அளவுதான். நான்கு பேருக்குக் குறைத்துக் கொடுத்திருந்தேன், இருவருக்குக் கூட்டிக் கொடுத்திருந்தேன். கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டதால் நாள் முழுதும் கொடுத்த மொத்தத் தொகையில் வித்தியாசம் 4 வெள்ளிக்கும் குறைவாக இருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே படுத்துத் தூங்கியிருப்பேன்.

நம் நாட்டில் வணிகத்துக்குப் பயன்படும் தராசு 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். மாமாவின் தராசிலும் முத்திரை உண்டு. அந்தச் சிவப்பு எண்களுக்கு அரசாங்கமே சாட்சி. ஆனால் நான் ஆயாவிடம் "தராசிலிருந்தே நேரா வருது" என்று சொன்ன அந்த வழிக்கு முத்திரை ஏது? அந்த இரண்டு மீட்டர் கம்பியும் அறுபது வரி நிரலும் யாரும் சோதிக்காதவை.

திருத்திய முறை

இப்போது அங்கே ஓடும் நிரலின் சாரத்தைத் தமிழில் தருகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் இதுதான் எலும்புக்கூடு.

துறையைத் திற: 2400, 7 பிட், இரட்டைப் பேரிட்டி, 1 நிறுத்தப் பிட், காத்திருப்பு 1 நொடி
இடைத்தேக்கத்தைக் காலி செய்
10 வரும்வரை படி, படித்ததை எறிந்துவிடு
திரும்பத் திரும்பச் செய்:
  10 வரும்வரை படி
  நீளம் 17 இல்லை என்றால் நிராகரி
  வடிவம் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் நிராகரி
  தலைப்பு 'எஸ்டி' இல்லை என்றால் காத்திரு
  அடுத்தடுத்து மூன்று வரியில் ஒரே எடை வந்தால் ஏற்றுக்கொள்

மூன்றாம் வரிதான் ஆயாவின் மூன்று வெள்ளி. காலி செய்தபின் வரும் முதல் வரி முழுமையாகவும் இருக்கலாம், வாலாகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது; ஆகவே ஆராயாமல் எறிந்துவிட வேண்டும். இழப்பது பத்தில் ஒரு நொடி.

நீளச் சோதனையும் வடிவச் சோதனையும் இரண்டாம் காவல். "வரியில் எங்காவது ஓர் எண் இருக்கிறதா?" என்று தேடுவதற்கும் "இந்த வரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நான் எதிர்பார்க்கும் வடிவில் இருக்கிறதா?" என்று கேட்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முதல் கேள்விக்கு .40 என்ற வாலும் விடை தரும். இரண்டாம் கேள்விக்கு முழு வரி மட்டுமே விடை தரும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுபவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் கட்டிப்போட மறக்கக்கூடாது.

"புறக்கணி" விருப்பத்தை இம்முறை உண்மையாகவே எடுத்துவிட்டேன். எழுத்தாக மாறாத பைட் ஒன்று வந்தால் அந்த வரியே வேண்டாம்.

காத்திருப்பு நேரம் சொல்லாமல் துறையைத் திறந்தால், யாராவது கம்பியைப் பிடுங்கிவிட்டால் நிரல் என்றென்றும் காத்துக்கொண்டு நிற்கும். ஒரு நொடி என்று சொல்லிவிட்டால் அதற்குள் வந்ததைக் கொடுக்கும். ஆனால் அப்படிக் கொடுப்பதும் பாதி வரியாக இருக்கலாம்! நீளச் சோதனை இங்கேயும் கைகொடுக்கிறது.

எடையை நான் இப்போது தசம எண்ணாகவே வைத்துக்கொள்வதில்லை. 18.40 என்ற எழுத்துகளிலிருந்து புள்ளியை நீக்கி, 10ஆல் பெருக்கி, 18400 கிராம் என்று முழு எண்ணாக வைக்கிறேன். விலை 30 காசு, அதுவும் முழு எண். பெருக்கி 1000ஆல் வகுத்தால் 552 காசு. கணினி இரும எண்ணில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பது நமக்குத் தெரிந்ததே. மூன்றாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை தசமத்தை வெள்ளியும் காசுமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அதுவே இங்கும் சரியான முறை என்பதை இருபத்திரண்டு வயதில் கண்டுகொண்டேன்.

கருவியே விடாமல் பேசிக்கொண்டிராமல், நாம் கேட்டால் மட்டும் ஒரு வரி அனுப்பும் முறையும் பல தராசுகளில் உண்டு. எங்கள் தராசில் 'கியூ' என்ற எழுத்தை 13, 10 சேர்த்து அனுப்பினால் ஒரு வரி வரும். அந்த முறைக்கு மாறினால் பாதி வரிச் சிக்கல் பெரும்பாலும் தீரும், முற்றும் தீராது. மாறினாலும் மேற்சொன்ன சோதனைகளை எடுத்துவிடாதீர்கள்.

சோதனைக்கு இனி 5 கிலோ படிக்கல்லைத் தனியாக வைப்பதில்லை. படிக்கற்களையும் இரும்புத் துண்டுகளையும் சேர்த்துச் சிவப்பு எண் 123.45 என்று காட்டும்வரை அடுக்கினேன். எந்த இலக்கம் தொலைந்தாலும், எந்த இலக்கம் இடம் மாறினாலும் உடனே தெரிய வேண்டும். இரவு முழுதும் விசையை நானே அழுத்துவது போல் நிரலை ஓடவிட்டு 10,000 முறை படிக்கச் செய்தேன். பழைய நிரலில் பிழைகள் கொட்டின. புதிய நிரலில் ஒன்றும் இல்லை. நிராகரித்த வரிகள் ஒவ்வொன்றும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. மூடி மறைக்கும் போர்வை இனி வேண்டாம்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. இளம் வயதில் தோட்டத்தில் பால்வெட்டி, வாளியை நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றவர் அவர். "அந்தக் கிழவி திரும்ப வந்தாளா?" என்று அது ஒன்றை மட்டும் கேட்டார்.

வந்தார். அந்தச் சனிக்கிழமை குறைத்துக் கொடுத்த நால்வரின் கணக்கையும் மாமா 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கூடுதலாக வாங்கிப்போன இருவரிடம் கேட்க வேண்டாம் என்றுவிட்டார். ஆயா புதன்கிழமை வந்தபோது மூன்று வெள்ளியை நான் கொடுத்தேன், என்ன நடந்தது என்றும் சொன்னேன். இப்போதெல்லாம் மூட்டையை ஏற்றிவிட்டுச் சிவப்பு எண்ணை மாமாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பிறகுதான் சீட்டை வாங்குகிறார். இன்னும் இருவருக்கும் அதே வாரத்தில் கொடுத்தாயிற்று. நான்காமவர் பழைய இரும்பு கொண்டுவந்த ஒரு பெரியவர். அன்றுதான் முதன்முறையாகக் கடைக்கு வந்திருந்தார், பெயர் தெரியாது. அவருடைய வரி மட்டும் அந்தப் பக்கத்தில் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.